இந்தியர் 9 விழுக்காடு என்றால் தேக்காவில் நிற்பவர்கள் யார்?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2024

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. சிங்கப்பூரில் இந்தியர் 9 விழுக்காடுதான் என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குப் போனால் கால் வைக்க இடமில்லை. நான் குடியிருக்கும் அடுக்குமாடிப் புளோக்கில் மின்தூக்கி எந்த மாடியில் நின்றாலும் தமிழோ தெலுங்கோ இந்தியோ காதில் விழுகிறது. கணக்கைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஆகஸ்ட் 2024, காலை

யாரும் குறைத்துக் காட்டவில்லை தம்பி. 9 என்பது சரியான எண். அது எந்தக் கூட்டத்தில் 9 என்று பார்க்க வேண்டும்.

2020 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவில் இருந்தவர்கள் மொத்தம் ஏறத்தாழ 56.9 லட்சம் பேர். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து 40.4 லட்சம். சீனர் 74.3, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9.0, மற்றவர் 3.2 என்று எங்கும் அச்சாகிற விழுக்காடுகள் இந்த 40.4 லட்சத்துக்கு மட்டும் உரியவை. மீதி 16.4 லட்சம் பேர், அதாவது வேலை அனுமதியில் இருப்பவர்கள், அவர்களைச் சார்ந்து வந்தவர்கள், மாணவர்கள், எந்த இனப் பங்கிலும் வர மாட்டார்கள். நீங்களும் வர மாட்டீர்கள். ஞாயிறு மாலையில் உங்கள் தோளை இடித்துக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலோரும் வர மாட்டார்கள்.

தேக்காவுக்கு ஒரு ஞாயிறு காலையிலும் போய்ப் பாருங்கள். காலையில் ஈரச்சந்தையில் மீனும் முருங்கைக்காயும் வாங்குகிறவர்கள் இங்கே இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள், அதிகமும் அந்த 9-க்குள் அடங்குகிறவர்கள். பிற்பகலுக்குப் பிறகு ஆள் மாறிவிடும். பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசை நிற்கும். ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் புல்வெளியில் நாலைந்து பேர் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கைப்பேசியில் ஊரிலிருக்கும் குழந்தையின் முகம் தெரியும். இவர்கள் அந்த 9-இல் இல்லை.

4 ஆகஸ்ட் 2024, இரவு

காலையில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கணக்கில் வராதவர்கள் எல்லாரும் எங்கோ தொலைவில் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது.

2020 ஏப்ரலில் கொவிட்-19 கிருமித்தொற்று தொழிலாளர் விடுதிகளில் பரவியபோதுதான் ஊர் முழுவதும் ஒரு செய்தியை உற்றுக் கேட்டது: விடுதிகளில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கியிருந்தார்கள். துவாஸ், கிராஞ்சி, சுங்கை காடுட் என்று தீவின் ஓரங்களில் அந்த விடுதிகள் இருப்பதால் நம்மில் பலர் அவர்களை லாரியில் போகும்போது மட்டுமே பார்த்திருந்தோம்.

இன்னொரு கூட்டம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இல்லப் பணிப்பெண்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மாரிலிருந்து வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறார்கள். என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மாத்திரை எடுத்துக் கொடுத்து, குளிப்பாட்டி, இரவில் இருமினால் எழுந்து வந்தவர் மத்திய ஜாவாவிலிருந்து வந்த ஒரு பெண். அம்மாவோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டார். எங்கள் வீட்டில் யாருடைய பெயரைச் சொன்னாலும் அவருடைய பெயரையும் சேர்த்துத்தான் சொல்லுவோம். நாட்டின் இன விழுக்காட்டில் அவருக்கு இடமில்லை.

7 ஆகஸ்ட் 2024

"அப்படியானால் உள்ளூர் இந்தியர் என்றால் தமிழர்தானே?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இல்லை. இங்கே 'இந்தியர்' என்ற பெட்டிக்குள் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை ஆகிய நாடுகளின் வழிவந்த எல்லாரையும் போட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் எழுத்தர் வேலைக்கு வந்தவரின் பேரனும், நேற்று நிரந்தரவாசியான ஐதராபாத் கணினிப் பொறியாளரும், சிந்தி ஜவுளிக் கடைக்காரரும், பஞ்சாபி வழக்கறிஞரும், செம்பவாங் மலையாளியும் ஒரே பெட்டி. தமிழர் பாதிக்கு மேல் இருக்கிறோம். பெட்டி முழுவதும் நாம் இல்லை.

செம்பவாங் என்று எழுதியதும் கை நிற்கவில்லை. என் அப்பா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். நாங்கள் அங்கிருந்த தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தோம். நகரத்தில் எந்த இனத்தவர் எங்கே வசிப்பது என்று பிரித்து 1822-இலேயே வரைபடம் போட்டுவிட்டார்கள். ராஃபிள்ஸ் காலத்துத் திட்டம் அது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சீனர், கம்போங் கிளாமில் மலாய்க்காரரும் அரபியரும், ஆற்றோரம் மேலே சூலியா கம்போங்கில் தென்னிந்தியர். அதன் பிறகு வேலைதான் குடியிருப்பை முடிவுசெய்தது. துறைமுகத்தில் வேலை என்றால் தஞ்சோங் பகார். கடற்படைத் தளத்தில் வேலை என்றால் செம்பவாங், நீ சூன். மாட்டுக்கும் மளிகைக்கும் சிராங்கூன் சாலை. 1971-இல் பிரிட்டிஷ் படை வெளியேறியது. தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் கலைந்தன. எங்களைப் போன்ற பலர் பக்கத்தில் எழும்பிய ஈசூன் பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

11 ஆகஸ்ட் 2024

ஹவ்காங்கிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் புளோக்கில் மாடிக்கு ஒன்றிரண்டு இந்தியக் குடும்பங்கள், ஒன்றிரண்டு மலாய்க் குடும்பங்கள். எல்லாப் புளோக்கிலும் இப்படியே இருக்கிறது. தானாக அமைந்ததா?"

தானாக அமையவில்லை. 1989 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் விளைவு அது. வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடு இருக்கும் ஒவ்வொரு புளோக்குக்கும், பல புளோக்குகள் சேர்ந்த ஒவ்வொரு அக்கம்பக்கத்துக்கும் இன வரம்பு உண்டு. சீனர் புளோக்கில் 87, அக்கம்பக்கத்தில் 84 விழுக்காடு வரை. மலாய்க்காரர் 25, 22. இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15, 12. இந்தக் கடைசி வரம்பு தொடக்கத்தில் 13, 10 ஆக இருந்து 2010-இல் உயர்ந்தது. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கும் அதே ஆண்டில் தனி வரம்பு வந்தது: புளோக்கில் 8, அக்கம்பக்கத்தில் 5.

ஏன் கொண்டுவந்தார்கள் என்பதற்கு இரண்டு காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1964 இனக் கலவரத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை அப்போது ஆட்சியில் இருந்தது. எண்பதுகளின் இறுதியில் வீட்டு விற்பனைக் கணக்கைப் பார்த்தபோது மக்கள் மறுபடியும் இனம் இனமாகச் சேரத் தொடங்கியிருந்தது தெரிந்தது. பிடோக், தெம்பனிஸ் பகுதிகளில் மலாய்க்காரர் 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தார்கள்; உங்கள் ஹவ்காங்கில் சீனர் பங்கு ஏறிக்கொண்டே போனது. கொள்கையை அறிவித்தபோது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். சிறுபான்மையினரை அதிகம் இடிக்கப்போகும் ஒரு கொள்கையை அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்த ஒருவரே முன்வைக்க வேண்டியிருந்தது என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

எப்படி இடிக்கிறது என்பதை என் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன். அம்மா ஈசூனில் இருந்தார். எங்களுக்கு அவர் பக்கத்தில் வீடு வேண்டும். எதிர்ப் புளோக்கில் ஒரு சீனத் தம்பதியின் நாலறை வீடு விற்பனைக்கு வந்தது. காற்றோட்டமான மூலை வீடு, சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் அம்மாவின் சன்னல் தெரியும். விலை பேசி முடித்துவிட்டோம். முகவர் புளோக் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தார். அந்த மாதம் இந்தியர் வரம்பு நிறைந்திருந்தது. நிறைந்த புளோக்கில் இந்தியர் ஒருவர் இந்தியரிடமிருந்தோ 'மற்றவர்' பிரிவினரிடமிருந்தோ மட்டுமே வாங்கலாம். அப்படி வாங்கினால் பங்கு மாறாது. சீனரிடமிருந்து வாங்கினால் ஒன்று கூடிவிடும். இந்தப் பட்டியல் மாதம் பிறந்தால் புதுப்பிக்கப்படும். ஒன்றாம் தேதிக்காகக் காத்திருந்தோம், இடம் வரவில்லை. பிறகு இரண்டு புளோக் தள்ளி ஒரு தெலுங்குக் குடும்பத்திடம் வாங்கினோம். அதே நாலறை. மேற்கு வெயில்.

12 ஆகஸ்ட் 2024

மேலே எழுதியது வாங்குகிறவரின் பாடு. விற்கிறவரின் பாடு இதைவிடக் கடினம், அதைச் சொல்லாமல் விட்டால் அரைகுறையாகிவிடும்.

ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வீடு வைத்திருக்கும் மலாய்க்காரரோ இந்தியரோ சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர்களில் நான்கில் மூன்று பேருக்கு முன்னால் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. மிச்சமிருப்பவர்கள் குறைவு, அவர்களுக்கும் அது தெரியும், விலையைக் குறைத்துக் கேட்பார்கள். பக்கத்து வீட்டுச் சீனர் அதே அளவு வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் விற்று அதிக விலை பெறுவார்.

இந்தக் கொள்கை வேண்டும் என்பவன் நான். என் மகள் கீழ்த்தளத்தில் மூன்று மொழிக் குழந்தைகளோடு ஓடிப்பிடித்து விளையாடி வளர்ந்தாள், பக்கத்து வீட்டு நோன்புப் பெருநாளுக்கும் எதிர்வீட்டுச் சீனப் புத்தாண்டுக்கும் போய்வந்தாள் என்றால் அது கொள்கை தந்தது. ஆனால் கலந்து வாழ்வதன் பலன் ஊருக்கெல்லாம் கிடைக்க, விலையை ஒரு சில குடும்பங்கள் மட்டும் கொடுப்பது நியாயமில்லை. 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் ஒரு தீர்வு அறிவித்தார்கள். இன வரம்பால் விற்க முடியாமல் தவிக்கும் நீண்டகால உரிமையாளர்களிடமிருந்து, தகுதி இருந்தால், வீவகவே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். தேவையான ஏற்பாடு. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது.

12 ஆகஸ்ட் 2024, மாலை

"கொள்கை இல்லாவிட்டாலும் இப்போது யாரும் இனம் பார்த்துக் குடியேற மாட்டார்கள்" என்கிறார் இன்னொருவர். வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். இந்தியர் என்று தெரிந்ததும் சமையல் மணத்தைப் பற்றிக் கேள்வி வரும். அந்தத் தொலைபேசி அழைப்புகளைச் செய்து பார்த்த பிறகும் அவர் இதே கருத்தில் இருந்தால் மேலே பேசலாம்.

18 ஆகஸ்ட் 2024

இனத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த ஊரில் அதைவிட வேகமாக மாறியது வீட்டுக்குள் இருக்கும் ஆள் எண்ணிக்கை. சீனர் முக்கால் பங்கு, மலாய்க்காரர் ஏழில் ஒருவர், இந்தியர் பத்தில் ஒருவருக்கும் கீழே என்ற அமைப்பு பல பத்தாண்டுகளாகப் பெரிதாக அசையவில்லை. ஒரு வீட்டில் சராசரியாக எத்தனை பேர் என்று பாருங்கள்: 1980-இல் 4.9. 1990-இல் 4.2. 2000-இல் 3.7. 2010-இல் 3.5. 2020-இல் 3.22.

1990 கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய் விவரம் எடுத்தவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு முறையே மாறிவிட்டது. 2000 முதல் அரசாங்கப் பதிவேடுகளிலிருந்தே அடிப்படை விவரங்களை எடுத்துக்கொள்கிறார்கள். மொழி, போக்குவரத்து போன்ற கேள்விகளுக்கு மட்டும் ஒரு பகுதி வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்கிறார்கள். ஆகவே நான் பார்த்ததை இனி யாரும் அந்த வேலையில் பார்க்கப் போவதில்லை.

அங் மோ கியோவில் ஒரு மூவறை வீடு. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: இங்கே மூவறை என்றால் படுக்கையறை இரண்டுதான், கூடத்தையும் ஓர் அறையாகக் கணக்கிடுவார்கள். அந்த வீட்டில் எட்டுப் பேர். ஒரு படுக்கையறையில் மூத்த மகன், மனைவி, கைக்குழந்தை. இன்னொன்றில் இளைய மகனும் மனைவியும். கூடத்தில் தாத்தா, பாட்டி, மணமாகாத மகள். சுருட்டிவைத்த மெத்தை தையல் இயந்திரத்தின் மேல் இருந்தது. இரும்புக் கதவுக்கு வெளியே செருப்பும் காலணியுமாக மின்தூக்கி வரை நீண்டிருந்தது. நான் படிவத்தை எடுத்து, குடும்பத் தலைவர் யார் என்று கேட்டேன். மூத்தவர் தம்பியைப் பார்த்தார். தம்பி அப்பாவைப் பார்த்தார். சம்பளம் கொண்டுவருவது மகன்கள், வீடு இருவர் பெயரில். பாட்டி உள்ளேயிருந்து ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். தாத்தா பெயரை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். மகள் எனக்கு எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த மாதிரி வீடுதான் கரைந்துபோய்விட்டது. 2010-க்கும் 2020-க்கும் இடையில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து 7 விழுக்காடுதான் பெருகினார்கள். குடும்பங்களின் எண்ணிக்கை 11.5 லட்சத்திலிருந்து 13.7 லட்சமாக, ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியது. வீட்டுக்கு ஏன் இவ்வளவு வரிசை என்று கேட்கிற இளைஞர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆள் பெருகுவதைவிடக் குடும்பம் பிரிவது வேகமாக நடக்கிறது.

19 ஆகஸ்ட் 2024

"கூட்டுக் குடும்பம் செத்துவிட்டது என்று நேரடியாகச் சொல்லுங்களேன்" என்று ஓர் அம்மா கோபமாக எழுதியிருக்கிறார்.

சொல்ல மாட்டேன் அம்மா. நான் பார்க்கிற குடும்பங்களில் அது ஒரு வீட்டிலிருந்து இரண்டு மூன்று புளோக்குகளுக்குப் பரவியிருக்கிறது. மகனும் மருமகளும் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருப்பார்கள். பேரப்பிள்ளை பள்ளி முடிந்து தாத்தா வீட்டுக்கு வரும். இரவு சாப்பாட்டைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போவார்கள். கணக்கில் இது இரண்டு குடும்பம், இரண்டுக்கும் சராசரி குறைவு. பெற்றோருக்குப் பக்கத்தில் மறுவிற்பனை வீடு வாங்குகிறவர்களுக்கு 2015 முதல் மானியம் உண்டு. மூன்று தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் இருக்க விரும்பினால் அதற்கென்றே பெரிய வீட்டு வகை 2013-இல் வந்தது. தனித்தனி வீட்டில் பக்கத்தில் இருப்பதையே பலர் விரும்புகிறார்கள் என்பதை மருமகள்களிடம் கேட்டால் தெரியும். மாமியார்களிடமும் கேளுங்கள்.

நீங்கள் சொல்ல வருகிற வருத்தம் எனக்குப் புரிகிறது. வேறு ஓர் எண்ணில்தான் அது எனக்கு வருகிறது. நாளை எழுதுகிறேன்.

25 ஆகஸ்ட் 2024

நாளை என்று சொல்லிவிட்டு நாளாகிவிட்டது. எழுத மனம் வரவில்லை.

2010-இல் ஒருவர் மட்டுமே வாழும் வீடுகள் 12.2 விழுக்காடு. 2020-இல் 16.0. ஆறு வீட்டுக்கு ஒன்று.

அதில் இரண்டு வகையினர் கலந்திருக்கிறார்கள். ஒரு வகை, திருமணம் செய்துகொள்ளாமல் தன் உழைப்பில் தனி வீடு வாங்கிய நாற்பது வயதுக்காரர்கள். அவர்களைப் பார்த்து இரக்கப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்கு இந்த ஊர் கதவைத் திறந்ததே மெதுவாகத்தான். குடும்பமாக விண்ணப்பித்தால்தான் வீடு என்பது அடிப்படை விதி. 35 வயது நிறைந்த தனியாள் மறுவிற்பனை வீடு வாங்க 1991-இல் வழி வந்தது. புதிய ஈரறை வீட்டுக்கு விண்ணப்பிக்க 2013 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் முதிர்ச்சியடையாத, அதாவது இன்னும் வளர்ந்துவரும் பேட்டைகளில் மட்டும். 2024 அக்டோபர் விற்பனையிலிருந்துதான் எந்தப் பேட்டையிலும் ஈரறை வீட்டுக்கு அவர்கள் விண்ணப்பிக்க வழி வந்தது.

இன்னொரு வகை, துணை போய், பிள்ளைகள் பிரிந்து, அல்லது பிள்ளைகளே இல்லாமல் தனியாகிவிட்ட முதியவர்கள். எங்கள் எதிர்ப் புளோக்கில் பத்தாவது மாடியில் ஒரு கேன்டனிஸ் மூதாட்டி. நம் ஊர் அடுக்குமாடிகளில் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டி அதில் துணி காயப்போடுவோம். மற்ற வீடுகளில் நான்கு கழி, ஐந்து கழி. அவருடையது ஒரே கழி. அதில் ஒரு சட்டை, ஒரு காற்சட்டை, ஒரு துண்டு. காலை எட்டு மணிக்குள் வெளியே வந்துவிடும். ஒரு நாள் பதினோரு மணியாகியும் கழி வரவில்லை. என் மனைவிதான் கவனித்தாள். கீழே போய்க் குடியிருப்பாளர் குழுவிலிருந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு மேலே போனோம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தார். நினைவிருந்தது. விடியற்காலையிலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். இப்போது மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

16.0 என்ற எண்ணைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கழிதான் தெரிகிறது. 2030-இல் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்று அரசாங்கமே சொல்கிறது. 2023-இல் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள், 0.97, ஒன்றுக்குக் கீழே முதல் முறையாக. தனி வீடுகள் இன்னும் கூடும். உங்கள் மாடியில் யார் தனியாக இருக்கிறார் என்று தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே கதவைத் தட்டுங்கள். இனம் எதுவாக இருந்தாலும் தட்டுங்கள்.

1 செப்டம்பர் 2024

வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்ற பேச்சுக்கு வந்துவிட்டார்கள். வரும் என்று தெரியும்.

2010-இல் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 32.3 விழுக்காடு, 2020-இல் 48.3. தமிழ் 3.3-லிருந்து 2.5-ஆகக் குறைந்தது. மலாய் 12.2-லிருந்து 9.2. சீனக் கிளைமொழிகள் 14.3-லிருந்து 8.7. மாண்டரின்கூட 35.6-லிருந்து 29.9. எல்லா மொழியும் ஆங்கிலத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. இதைத் தமிழருக்கு மட்டும் நேர்ந்த இழப்பாகப் பேசுவது சரியில்லை. அந்த அங் மோ கியோ பாட்டியின் ஹொக்கியன் நம்மைவிட அதிகம் இழந்திருக்கிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆங்கிலமே அதிகம் என்று சொன்னவர்களில் சுமார் 87 விழுக்காட்டினர் வீட்டில் ஒரு தாய்மொழியும் பேசுகிறார்கள். என் மகள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் ஆங்கிலம். பேத்தியிடம் இருவரும் ஆங்கிலம். நான் போனால் தமிழ். படிவத்தில் அந்த வீடு ஆங்கில வீடு. பேத்தி என்னிடம் "தாத்தா, தோசை முறுகலாக வேண்டும்" என்று சொல்கிறாள். அது அந்த 2.5-இல் வராது, ஆனாலும் அது தமிழ். இதில் ஆறுதல் கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நான் போகாத நாளில் அவள் யாரிடம் தமிழில் பேசுவாள்? பதில் எனக்குத் தெரியும், பிடிக்கவில்லை. ஆகவே அடிக்கடி போகிறேன்.

8 செப்டம்பர் 2024

"கலப்புக் குடும்பம் எந்தப் பெட்டியில்?" நல்ல கேள்வி. இங்கே ஐந்து ஆறு திருமணங்களில் ஒன்று இனம் தாண்டி நடக்கிறது.

2011 முதல் குழந்தைக்கு இரட்டை இனம் பதியலாம். என் தங்கை மகள் ஒரு சீன இளைஞரை மணந்தாள். பையனை 'இந்தியர்-சீனர்' என்று பதிந்தார்கள். எதை முதலில் போடுவது என்பதற்கு இரு வீட்டிலும் ஒரு மாதம் பேச்சு நடந்தது. அது வெறும் கௌரவப் பேச்சு இல்லை. வீட்டு வரம்புக்கு முதலில் இருக்கும் இனம்தான் கணக்கு. அவர்கள் வீடு வாங்கியபோது கணவன் மனைவி இருவரில் ஒருவருடைய இனத்தைக் குடும்பத்தின் இனமாகக் கொடுக்க முடிந்தது. எந்தப் புளோக்கில் எது நிறைந்திருக்கிறது என்று பார்த்து முடிவெடுத்தார்கள். ஒரே வீட்டில் தீபாவளிக்கு முறுக்கும் புத்தாண்டுக்கு ஆரஞ்சும். பையனுக்கு எட்டு வயது. அவனுக்கு இரண்டு பண்டிகையிலும் பணம் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம்.

25 செப்டம்பர் 2024

நேற்றைய புதிய எண்ணைப் பார்த்திருப்பீர்கள். மொத்த மக்கள்தொகை ஜூன் 2024-இல் 60.4 லட்சம், 60 லட்சத்தைத் தாண்டியது இதுவே முதல் முறை. குடிமக்கள் 36.4 லட்சம், நிரந்தரவாசிகள் 5.4 லட்சம், இவர்களில் சேராதவர்கள் 18.6 லட்சம். இந்த ஊரில் நிற்பவர்களில் பத்துக்கு மூன்று பேர் இன விழுக்காட்டுக்கு வெளியே. தம்பி முதலில் கேட்ட கேள்வி ஒவ்வோர் ஆண்டும் இன்னும் பொருத்தமாகிறது.

என் ஆசை ஒன்று: இன விழுக்காடுகளைக் காட்டும் வட்ட விளக்கப்படத்தைப் பள்ளிப் பாடத்தில் போடும்போது, நான்கு துண்டுகளுக்குப் பக்கத்தில் இந்தப் பத்துக்கு மூன்றையும் வரைய வேண்டும். கட்டடம் கட்டியவரும் பாட்டியைக் குளிப்பாட்டியவரும் படத்தில் இருக்க வேண்டும்.

6 அக்டோபர் 2024

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து தன் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். நாலறை வீட்டில் எட்டுப் பேர், எல்லாரும் அலுவலக வேலை, முறை வைத்துச் சமைக்கிறார்கள். "எங்களை ஒரு குடும்பம் என்று எண்ணுவார்களா?" என்று கேட்கிறார்.

புள்ளிவிவரத் துறையின் பொருளில், சேர்ந்து வசித்து உணவையும் மற்ற அடிப்படைத் தேவைகளையும் பகிர்ந்துகொண்டால் அது ஒரு குடும்பம். இரத்த உறவு வேண்டியதில்லை. ஒரே அடுப்பில் சமைக்கிறீர்கள், ஆகவே நீங்கள் எண்மரும் ஒரு குடும்பம். ஆனால் நான் மேலே சொன்ன 13.7 லட்சம், குடிமகனோ நிரந்தரவாசியோ தலைவராக இருக்கும் குடும்பங்கள் மட்டும். அதில் உங்கள் வீடு வராது.

இப்போது கணக்கை விட்டுவிட்டு உங்களுக்கு உடனே தேவையானதைச் சொல்கிறேன். உறவில்லாதவர்கள் ஒரு வீவக வீட்டில் ஆறு பேர் வரைதான் இருக்கலாம் என்பது பழைய வரம்பு. நாலறை, அதைவிடப் பெரிய வீடுகளுக்கு 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக எட்டாக உயர்த்தியிருக்கிறார்கள். எட்டு என்றால் எட்டுதான். ஊரிலிருந்து புதிதாக வரும் நண்பரை ஒன்பதாவதாகச் சேர்க்க முடியாது. கட்டுமான வேலை அனுமதியில் இருப்பவரையும் வைத்துக்கொள்ள முடியாது; மலேசியர் அல்லாத அந்தத் துறைத் தொழிலாளர் வீவக வீட்டில் வாடகைக்கு இருக்க அனுமதி இல்லை. முழு வீட்டை வாடகைக்கு எடுக்கும், மலேசியர் அல்லாத வெளிநாட்டினருக்கும் புளோக்கில் 11, அக்கம்பக்கத்தில் 8 விழுக்காடு என்று வரம்பு இருக்கிறது.

வீட்டு உரிமையாளர் உங்கள் எட்டுப் பேரின் பெயரையும் வீவகவில் முறையாகப் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். வாய்வார்த்தையாக "ஆயிற்று" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புதல் கடிதத்தின் நகலை வாங்கி ஒவ்வொருவரும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் பெயரை மட்டும் பதிந்துவிட்டு மீதி இருவரிடமும் வாடகை வாங்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். சோதனை வந்தால் நடுத்தெருவில் நிற்பது அந்த இருவர்தான். கடிதம் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள். கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று பார்ப்போம்.